உள்ளே வருவதும் வெளியே போவதும்: ஒரு தொழிலைச் சூழலுக்கு இசைவாக மாற்றுவது எப்படி?

ஒரு நிறுவனத்தில் "நாமும் பசுமையாக மாற வேண்டும்" என்று பேச்சு எழுந்தால் முதலில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: வாசலில் நான்கு செடித் தொட்டிகள் வரும். பிளாஸ்டிக் கப் போய்க் காகிதக் கப் வரும். மின்னஞ்சலின் அடியில் "அச்சிடும் முன் யோசியுங்கள்" என்று பச்சை எழுத்தில் ஒரு வரி சேரும். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் அதே கட்டடத்தின் பின்பக்கம், கம்ப்ரசர் குழாயில் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்து, 'உஸ்ஸ்' என்று ராப்பகலாகக் காற்று கசிந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் எல்லோர் காதுக்கும் பழகிப்போயிருக்கும்.

கண்ணில் படுகிற சின்ன விஷயத்தைத் திருத்துவது சுலபம். கண்ணில் படாத பெரிய விஷயத்தைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் கணக்கு தேவை. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. பயப்பட வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

முதலில் சொல்லுக்குப் பொருள் பார்த்துவிடுவோம். ஐக்கிய நாடுகள் அமைத்த ஓர் ஆணையம் 1987-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நார்வேயின் பிரதமராக இருந்த குரோ ஹார்லம் புருண்ட்லாந்து அதன் தலைவர். வரப்போகும் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்வதே வளங்குன்றா வளர்ச்சி என்று அது வரையறுத்தது. அழகான வரையறைதான். ஆனால் திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கிறவருக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புரியாது.

பொருளியலாளர் ஹெர்மன் டேலி இதைக் கையில் பிடிக்கிற மாதிரி மூன்று விதிகளாக ஆக்கினார். மரம், மீன், நிலத்தடி நீர் போலத் திரும்ப ஊறுகிறவற்றை ஊறும் வேகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எண்ணெய், நிலக்கரி, தாது போல ஊறாதவற்றை எடுத்தால், அவற்றுக்கு மாற்று உருவாகும் வேகத்துக்குள் எடுக்க வேண்டும். வெளியே விடும் கழிவு, காற்றும் நீரும் மண்ணும் செரிக்கும் அளவைத் தாண்டக் கூடாது. வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. முதலைத் தொடாமல் வட்டியில் சாப்பிடுவது என்று நாம் சொல்வோமே, அதேதான்.

கதவருகே நின்று பார்த்தால்

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை அச்சகம்தான், இருபது பேர் வேலை செய்கிறார்கள். அதன் கதவருகே ஒரு மாதம் நின்றுகொண்டு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போவது: காகிதம், மை, அலுமினியத் தகடு, மை கழுவும் கரைப்பான், தண்ணீர், மின்சாரம், ஜெனரேட்டருக்கு டீசல். வெளியே வருவது: வாடிக்கையாளர் எடுத்துப்போகும் புத்தகமும் நோட்டீஸும். அது மட்டும்தானா? இல்லை. ஓரத்தில் வெட்டிய துண்டுக் காகிதம், நிறம் சரியாகும்வரை ஓட்டிக் கழித்த தாள்கள், பயன்படுத்திய தகடு, மை படிந்த துணி, ஆவியாகிப் போன கரைப்பான், சூடு, புகை, சாக்கடைக்குப் போன தண்ணீர். உள்ளே போன எடை எப்படியும் வெளியே வந்துதான் ஆக வேண்டும், அல்லது உள்ளேயே தேங்கிக் கிடக்க வேண்டும். பொருள் எங்கும் மாயமாக மறையாது.

புத்தகமும் நோட்டீஸும் நீங்கலாக வெளியே வரும் இந்த மீதிப் பட்டியலுக்குத்தான் 'சுற்றுச்சூழல் பாதிப்பு' என்று பெயர். அதையே கணக்குப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொன்றும் காசு கொடுத்து வாங்கியது, ஆனால் விற்காதது. கழிவுக்கு ஆகும் செலவு என்றால் பலரும் குப்பை வண்டிக்குக் கொடுப்பதை மட்டும் சொல்வார்கள். கழித்த ஒரு தாளில் அந்தத் தாளின் விலை இருக்கிறது, மை இருக்கிறது, இயந்திரம் ஓடிய மின்சாரம் இருக்கிறது, அதை ஓட்டியவரின் நேரம் இருக்கிறது. குப்பை வண்டிச் செலவு இவற்றின் வால் மட்டுமே.

இது புதிய ஞானமும் இல்லை. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975-லேயே 'மாசைத் தடுத்தால் லாபம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. புகைபோக்கியின் நுனியில் வடிகட்டி மாட்டுவதைவிட, அந்தப் புகை உருவாகாதபடி செய்முறையையே மாற்றுவது மலிவு என்பதுதான் அதன் அடிப்படை. ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ வீண் என்பதையே ஏழு வகையாகப் பிரித்து வேட்டையாடினார். அவர் மனதில் இருந்தது சூழல் அல்ல, செலவு. ஆனால் இரண்டு பாதைகளும் வெகுதூரம் வரை ஒன்றாகவே போகின்றன. எங்கே பிரிகின்றன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

புகையை எடை போடுவது

காகிதத்தைத் தராசில் வைக்கலாம். புகையை? அதற்கும் வழி இருக்கிறது. கரியமில வாயு போல வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்களைக் கணக்கிட, 2001-ல் வெளியான பசுங்குடில் வாயு நெறிமுறை என்ற பொதுக் கணக்கு முறையைத்தான் இன்று உலகம் முழுக்க நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அது உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்கோப்' என்பார்கள்.

முதல் வட்டம், உங்கள் வளாகத்திலும் உங்கள் வண்டிகளிலும் நேரடியாக எரிவதும் கசிவதும். இரண்டாம் வட்டம், நீங்கள் வாங்கும் மின்சாரத்துக்காக வேறு எங்கோ ஒரு மின்நிலையத்தில் எரிவது. மூன்றாம் வட்டம், மீதி எல்லாம்: வாங்கும் மூலப்பொருளை யாரோ தயாரித்தபோது எழுந்தது, லாரியில் வந்தது, ஊழியர்கள் வேலைக்கு வந்துபோவது, நீங்கள் விற்றதை வாடிக்கையாளர் பயன்படுத்தி, கடைசியில் தூக்கி எறிவது வரை. மூன்றாம் வட்டத்தில் மட்டும் பதினைந்து உட்பிரிவுகள் இருக்கின்றன. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் நிரப்ப முயன்றால் தலை சுற்றும். பெரியதாகத் தோன்றும் இரண்டு மூன்றைப் பிடித்தால் போதும்.

இப்போது நம் அச்சகத்துக்கு வருவோம். ஜெனரேட்டர் மாதம் 200 லிட்டர் டீசல் குடிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஆக 540 கிலோ. (ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவுதானே, புகை மட்டும் எப்படி 2.7 கிலோ என்று கேட்கத் தோன்றும். டீசலில் உள்ள கரி எரியும்போது காற்றில் இருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிலோ கரி முழுதாக எரிந்தால் 32 கிலோ ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிலோ கரியமில வாயுவாக மாறும். பள்ளியில் படித்த வேதியியல் இங்கே கைகொடுக்கிறது.)

மின்சாரம் மாதம் 3,000 யூனிட். இதன் எண் இடத்துக்கு இடம் மாறும். நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் அதிகம் உள்ள இடத்தில் யூனிட்டுக்கு 0.1 கிலோவுக்கும் கீழே இருக்கலாம். நிலக்கரியை மட்டுமே நம்பினால் ஒரு கிலோவை ஒட்டி வரும். நாம் 0.7 என்று எடுத்துக்கொள்வோம். 2,100 கிலோ.

காகிதம் மாதம் ஆறு டன். ஒரு டன் காகிதம் தயாராக, ஆலையைப் பொறுத்து, தோராயமாக ஒரு டன் கரியமில வாயு எழும். ஆக 6,000 கிலோ.

ஆச்சரியம் இன்னும் பாக்கி இருக்கிறது. அச்சகத்தில் ஏசி ஓடுகிறது. "கூலிங் இல்லை" என்று மெக்கானிக்கை அழைக்கிறார்கள். அவர் வந்து, கேஸ் இறங்கிவிட்டது என்று சொல்லி இரண்டு கிலோ நிரப்பிவிட்டுப் போகிறார். சாதாரண நிகழ்ச்சி. ஆனால் இறங்கிய அந்த கேஸ் எங்கே போனது? காற்றுக்கு. ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்-410ஏ என்ற கேஸ், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல 2,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இரண்டு கிலோ கசிந்தால் நான்கு டன்னுக்கு மேல். அதாவது மொத்த அச்சகமும் இரண்டு மாதம் ஓடிய மின்சாரத்துக்குச் சமம், ஒரு கசிவில்! இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன. இப்போது வரும் பல ஏசிகளில் ஆர்-32 இருக்கிறது. அதன் தாக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எந்த கேஸாக இருந்தாலும், நிரப்புவதற்கு முன் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். நிரப்பிய தேதியையும் கிலோவையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று முறை குறித்ததும் எந்த இயந்திரத்தை மாற்ற வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

சரி, இப்போது காகிதக் கப்புக்குத் திரும்பலாம். இருபது பேர், ஆளுக்கு மூன்று கப், மாதம் 25 நாள்: 1,500 கப். ஒன்று ஐந்து கிராம் என்றால் மொத்தம் ஏழரைக் கிலோ. அதே மாதம் அச்சில் கழிந்த தாள் எட்டு சதவீதம் என்று வைத்தால் 480 கிலோ. கப்பைப் பற்றி இரண்டு கூட்டம் போட்டிருப்பார்கள். கழிந்த தாளைப் பற்றி ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள். கணக்கு போடாமல் ஆரம்பித்தால் நடப்பது இதுதான்.

கணக்கு துல்லியமாக இல்லையே என்ற கவலை வேண்டாம். 0.7-ஆ 0.72-ஆ என்பது முதல் வருடத்தில் முக்கியமில்லை. எது பெரியது, எது சின்னது என்று வரிசை தெரிய வேண்டும். அவ்வளவுதான். அடுத்த வருடமும் அதே முறையில் போட்டால் ஏறியதா இறங்கியதா என்பதும் தெரிந்துவிடும்.

மின்சாரம்: முதலில் ஓட்டையை அடை

மின்சாரம் என்றதும் பலர் நேராகச் சூரிய மின்பலகைக்குத் தாவுவார்கள். என் கருத்தில் அது மூன்றாவது படி. முதல் படி, தேவையில்லாததை நிறுத்துவது. இரண்டாவது, தேவையானதைக் குறைந்த மின்சாரத்தில் செய்வது. அதற்கு அப்புறம்தான் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. வரிசையை மாற்றினால், ஓட்டைக் குடத்தை நிரப்பப் பெரிய மோட்டார் வாங்கிய கதையாகிவிடும். ஆயிரம் யூனிட்டை மிச்சப்படுத்திய பிறகு போடும் சூரியப் பலகை சின்னதாக இருந்தாலே போதுமே.

முதலில் சொன்ன அந்த 'உஸ்ஸ்' சத்தத்தை எடுத்துக்கொள்வோம். அழுத்தக் காற்று என்பது தொழிற்சாலையில் உள்ள சக்திகளில் விலை கூடியவற்றில் ஒன்று. கம்ப்ரசர் எடுக்கும் மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கடைசியில் உபயோகமான வேலையாக மாறுகிறது. மற்றது பெரும்பாலும் சூடாகப் போய்விடும். போதாததற்கு, பராமரிப்பு சரியில்லாத இடங்களில் தயாராகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிந்துவிடலாம். கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வேலை முடிந்து எல்லா இயந்திரமும் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை. அப்படியும் அது அவ்வப்போது மூச்சிரைத்து ஏறி இறங்குகிறதென்றால், அது ஓடுவது முழுக்க ஓட்டைகளுக்காக. சோப்பு நீரும் ஒரு தூரிகையும் கொண்டு இணைப்புகளைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: அழுத்தத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைத்தால் சுமார் ஏழு சதவீதம் மின்சாரம் மிச்சமாகும்.

விசிறிகளிலும் மையவிலக்கு பம்புகளிலும் இன்னொரு அதிசயம் ஒளிந்திருக்கிறது. அவை எடுக்கும் மின்சாரம், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் 80 சதவீதமாகக் குறையும் என்றுதானே நினைப்போம்? 0.8 × 0.8 × 0.8, கிட்டத்தட்ட 51 சதவீதம். பாதிக்குப் பாதி! முழு வேகத்தில் ஓடவிட்டு வால்வை மூடி அடக்குவது, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக் போடுவது மாதிரி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் கருவி ஒன்றை மாட்டுவது பல இடங்களில் போட்ட காசைச் சீக்கிரமே திருப்பித் தரும். ஆனால் எல்லா மோட்டாருக்கும் இது பொருந்தாது. எப்போதும் முழு வேகம் தேவைப்படும் மோட்டாருக்கு மாட்டினால் வீண் செலவுதான்.

சூடு விஷயத்தில் ஒரே சூத்திரம்: கை வைத்தால் சுடுகிற குழாய் எதுவானாலும் அது பணத்தைக் காற்றில் விடுகிறது. பாய்லர் குழாய்க்கும் வால்வுக்கும் உறை போடுங்கள். விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குண்டு பல்பு இன்னும் எங்காவது எரிந்தால் எல்இடிக்கு மாற்றினால் முக்கால் பங்கு மின்சாரம் மிச்சம்.

தொழில்நுட்பத்தைவிட இங்கே பெரிய சிக்கல் வேறு. இயந்திரம் வாங்குபவர் ஒருவர். கரண்ட் பில் கட்டும் கணக்கு இன்னொருவருடையது. வாங்குபவருக்கு விலை குறைவாக வாங்கினால் பாராட்டு. ஆனால் நாள் முழுக்க ஓடும் ஒரு மோட்டார் தன் ஆயுளில் குடிக்கும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் அதை வாங்கிய விலை சொற்பம். விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது, பத்து வருட மின்செலவையும் ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பத்தி பல முடிவுகளை மாற்றிவிடும்.

பொருள்: மறுசுழற்சி மூன்றாவது படிதான்

'மறுசுழற்சி செய்கிறோம்' என்று பெருமையாகச் சொல்லாத நிறுவனம் இல்லை. ஆனால் கழிவைக் கையாளும் ஏணியில் அது மேல்படி அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தில் வரிசை இப்படி இருக்கிறது: முதலில் கழிவே வராமல் தடு, அடுத்து மறுபடி பயன்படுத்து, மூன்றாவதுதான் மறுசுழற்சி, அதன்பின் எரித்து ஆற்றலாவது எடு, கடைசியில் குப்பைமேடு. காரணம் எளிது. மறுசுழற்சிக்கும் வண்டி வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆற்றல் வேண்டும். பொருளுக்குப் பொருள் லாபமும் வேறு. நம் அச்சகத்தின் அலுமினியத் தகடு என்றால் அருமை. தாதுவில் இருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கிலேயே பழைய அலுமினியத்தை உருக்கிவிடலாம். பல அடுக்குப் பிளாஸ்டிக் உறை என்றால் பிரித்தெடுக்கவே முடியாமல் போகலாம்.

மாற்றுப் பொருளில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். 'பிளாஸ்டிக் பையை ஒழித்துப் பருத்திப் பைக்கு மாறிவிட்டோம்' என்பது கேட்க நன்றாக இருக்கும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, புவி வெப்பமாதலை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. பருத்தி விளைய நீர், உரம், நூற்பு, நெசவு எல்லாம் சேர்கிறதல்லவா? இதனால் பிளாஸ்டிக் நல்லது என்று ஆகிவிடாது. கடலில் போய் மிதப்பது, மாட்டின் வயிற்றில் சேர்வது போன்றவை அந்த எண்ணில் இல்லை. ஆனால் நிறுவனத்தின் பெயர் போட்ட துணிப்பையை ஒவ்வொரு கூட்டத்திலும் ஆளுக்கொன்று கொடுத்தால், அது வீட்டு அலமாரியில் நூறோடு நூற்றொன்றாகக் கிடக்கும். எந்தப் பொருள் என்பதைவிட எத்தனை முறை என்ற கேள்விதான் முக்கியம். பொருளைப் பிறப்பில் இருந்து இறப்பு வரை பின்தொடரும் இந்த வகைக் கணக்குக்கு ஆயுள் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். 1969-ல் கோகோ கோலா தன் பாட்டில்களையும் டின்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்த ஆய்வை இதன் தொடக்கம் என்று சொல்வார்கள்.

இன்னும் அழகான ஒரு வழி இருக்கிறது: உங்கள் கழிவு இன்னொருவருக்கு மூலப்பொருள். டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்று ஒரு சிறு துறைமுக நகரம். அங்கே மின்நிலையத்தில் மிஞ்சிய நீராவி, குழாய் வழியாக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போகத் தொடங்கியது. புகையில் இருந்து கந்தகத்தை நீக்கும்போது உண்டாகும் ஜிப்சம், சுவர்ப்பலகை செய்யும் ஆலைக்குப் போனது. மருந்து ஆலையின் ஈஸ்ட் கழிவு பன்றித் தீவனமானது. 1970-களில் இருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்த ஏற்பாடு இது. யாரும் உட்கார்ந்து 'பசுமை நகரம்' என்று வரைபடம் போடவில்லை. நிலத்தடி நீர் குறைவாக இருந்த ஊர். பக்கத்துப் பக்கத்து ஆலை மேலாளர்கள் பேசிக்கொண்டார்கள். இருவருக்கும் காசு மிச்சமாகும் இடத்தில் குழாய் பதித்தார்கள். உங்கள் கழிவுப் பட்டியலைப் பக்கத்துத் தொழில்காரரிடம் காட்டுவதற்கு எந்த ஆலோசகரும் தேவையில்லை.

விற்கும் முறையையே மாற்றியவர்களும் உண்டு. 1962-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி என்ற விமான எஞ்சின் நிறுவனம், எஞ்சின் பறந்த மணிக்கணக்குக்குப் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. அடிக்கடி பழுதானால் செலவு தயாரித்தவர் தலையில்தான். அப்போது நீடித்து உழைக்கும்படி செய்வதே லாபம். உதிரிபாகம் விற்றுப் பிழைப்பவருக்கு இருக்கும் ஆசைக்கு நேர்எதிர் ஆசை இது.

தண்ணீர் வேறு கணக்கு

கரியமில வாயுவை எங்கே விட்டாலும் ஒன்றுதான், வானம் பொது. தண்ணீர் அப்படியில்லை. மழை கொட்டும் இடத்தில் ஆயிரம் லிட்டர் எடுப்பதும், வறண்ட இடத்தில் ஆழ்துளைக் கிணற்றில் இருந்து எடுப்பதும் ஒன்றல்ல. கோடையும் மழைக்காலமும் கூட ஒன்றல்ல. அதனால் எத்தனை லிட்டர் என்பதோடு, எங்கிருந்து, எப்போது, திரும்ப எந்த நிலையில் விடுகிறோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மற்றபடி ஓட்டை விதி இங்கேயும் உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் வருடத்தில் 11,000 லிட்டருக்கு மேல் வீணாக்கும்.

வாங்குவதும் விற்பதும்

நம் அச்சகத்தில் காகிதம்தான் பெரிய எண் என்று பார்த்தோம். பல தொழில்களில் இப்படித்தான், மூன்றாம் வட்டமே பெரிது. அமெரிக்காவில் தரைவிரிப்பு தயாரிக்கும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் நிறுவனர் ரே ஆண்டர்சன், 1994-ல், அறுபதாவது வயதில் மனம் மாறி, 2020-க்குள் சூழலுக்குத் தீங்கே இல்லாத நிறுவனமாக ஆக்குவேன் என்று கிளம்பினார். பெட்ரோலியத்தில் இருந்து வரும் நைலானை நம்பி நடந்த தொழில் அது. வளாகத்துக்குள் விளக்கை அணைத்தால் மட்டும் போதாது, நூலையே மாற்ற வேண்டும் என்று புரிந்தது. சப்ளையர்களைத் துளைத்தெடுத்து, மறுசுழற்சி நைலானைக் கொண்டுவரச் செய்தார்கள். கழிவைக் குறைத்ததில் மிச்சமான பணமே மாற்றங்களுக்கான செலவைத் தாங்கியது என்று ஆண்டர்சன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

சிறு தொழில் நடத்துகிறவர் சப்ளையரை அப்படி மிரட்ட முடியாதுதான். ஆனால் கேட்கலாம். "இந்தக் காகிதத்தில் மறுசுழற்சி நார் எவ்வளவு? ஆலை எந்த எரிபொருளில் ஓடுகிறது?" பதில் வராவிட்டாலும், பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். அனுப்பும் வழியையும் பாருங்கள். ஒரே சரக்கை விமானத்தில் அனுப்பினால் எழும் புகை, கப்பலில் அனுப்புவதைப்போலப் பல பத்து மடங்கு. கடைசி நேர அவசரம்தான் பெரும்பாலும் விமானத்தைத் தேட வைக்கிறது. அதைத் தீர்க்க ஒழுங்கான ஆர்டர் அட்டவணையே போதும்.

இதே கேள்விகள் உங்களையும் தேடி வரும். பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாம் வட்டத்தை நிரப்ப வேண்டியிருப்பதால், அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் சின்ன நிறுவனங்களிடம் படிவம் நீட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்ற சரக்குகளுக்கு 2023 அக்டோபரில் இருந்தே கார்பன் விவரம், அதாவது தயாரிப்பில் எவ்வளவு கரியமில வாயு எழுந்தது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கையில் கணக்கு வைத்திருப்பவருக்கு ஆர்டர் தங்கும்.

பாதை பிரியும் இடம்

இதுவரை சொன்னதெல்லாம் சூழலுக்கும் நல்லது, கல்லாப்பெட்டிக்கும் நல்லது. எப்போதும் அப்படியே போகாது. 1865-லேயே ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நீராவி எஞ்சின்கள் குறைந்த நிலக்கரியில் ஓடக் கற்றுக்கொண்ட பிறகு, நாட்டின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. மலிவானதும் எல்லோரும் எஞ்சின் வைத்துக்கொண்டார்கள். ஒரு தாளுக்கு ஆகும் மின்சாரத்தைப் பாதியாக்கிவிட்டு மூன்று மடங்கு தாள் அச்சடித்தால் மொத்தம் ஏறத்தான் செய்யும். ஆகவே இரண்டு எண்களும் வேண்டும்: ஒரு பொருளுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. முதல் எண்ணை மட்டும் காட்டுகிறவரிடம் இரண்டாவதைக் கேளுங்கள்.

சில மாற்றங்கள் காசைத் திருப்பித் தரவே மாட்டா. ஆவியாகும் கரைப்பானை விட்டுவிட்டு வேறு ஒன்றுக்கு மாறினால் செலவு கூடலாம். ஆனால் அதைச் சுவாசிப்பவர் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் ஊழியர். இப்படிப்பட்ட இடத்தில் லாபக் கணக்கைத் தேடி அலையாமல், இது செலவு, செய்யத்தான் வேண்டும் என்று நேராக ஒத்துக்கொள்வது நல்லது. முன்னால் சொன்ன மிச்சங்களை ஒரு தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தால் இதற்கு உதவும்.

இதையெல்லாம் வெளியே சொல்லும்போதும் கவனம் வேண்டும். 1986-ல் அமெரிக்காவின் சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட், 'சுற்றுச்சூழலைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்' என்று அட்டை வைக்கும் விடுதிகள், உண்மையில் சலவைச் செலவைத்தான் காக்கின்றன என்று எழுதினார். இப்படிப் பசுமை வேடம் போடும் பச்சைப் பூச்சுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'கிரீன்வாஷிங்' என்ற பெயர் அப்போது பிறந்தது. 'சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது' என்ற சொற்களுக்குப் பின்னால் எண் இல்லாவிட்டால் போடாதீர்கள். 'கடந்த ஆண்டைவிடக் கழிவுத்தாள் 480 கிலோவில் இருந்து 300 கிலோவாகக் குறைந்தது' என்பது கவர்ச்சியாக இல்லைதான், ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாது. எங்கோ மரம் நடக் காசு கொடுத்துவிட்டு 'எங்கள் பொருளால் கார்பன் பாதிப்பே இல்லை' என்று விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய சட்டத்தால் தடை செய்துவிட்டது. மரம் நடுவது நல்ல காரியம். உங்கள் புகைபோக்கியின் கணக்கில் அதை வரவு வைப்பதுதான் பிரச்சினை.

சான்றிதழ் வாங்கலாமா என்று கேட்பார்கள். 1996-ல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 14001 என்ற சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரம் எல்லோரும் அறிந்தது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தத் தரம், நீங்கள் இவ்வளவுதான் புகை விடலாம் என்று எந்த எண்ணையும் சொல்வதில்லை. அளக்கிறீர்களா, இலக்கு வைக்கிறீர்களா, யார் பொறுப்பு, தவறினால் திருத்துகிறீர்களா என்று பார்க்கிறது. வாங்குபவர் கேட்டால் எடுங்கள். கேட்காவிட்டால், அந்தப் பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அந்த ஒருவர் இயந்திரம் ஓட்டுகிறவர்களோடு பேசத் தெரிந்தவராக இருக்கட்டும். எந்த வால்வு ஒழுகுகிறது, எந்த வேலைக்குத் தாள் அதிகம் கழிகிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை.

எங்கே தொடங்குவது என்று இன்னும் தயக்கமாக இருந்தால் ஒரு சின்ன சோதனை. வாரக் கடைசியில் பூட்டும்போது மின்மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து முதல் ஆளாக வந்து, விளக்கைப் போடுவதற்கு முன் மறுபடி குறியுங்கள். யாருமே இல்லாத நேரத்தில் ஓடிய யூனிட் எவ்வளவு? அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தெந்தச் சுவிட்ச் இதைக் குடித்தது என்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பாருங்கள்.